நாவால் நக்குவதும் முத்தம் கொடுப்பதும்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேரூரில் 1876-இல் பிறந்தவர். அவருடைய வெள்ளைப்பசுப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. அதில் பசு கன்றை நாவால் நக்குகிறது. பாட்டு முடியும்போது அதே பசு முத்தம் கொடுக்கிறது. தொழுவில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே காட்சிதான், பசுவின் நாக்கு கன்றின் மேல் போய் வருகிறது. ‘நக்குது’ என்பது கண் சொன்னது. ‘முத்தம்’ என்பது மனசு சேர்த்தது. குழந்தைப் பாட்டுக்கு இரண்டும் வேண்டும். விலங்குகளின் மனம் பற்றிய அபுனைவு நூல்களிலோ இந்த இரண்டும் பின்னிப் பிணைந்து ஒரே வாக்கியத்துக்குள் வரும். பிரித்தெடுக்கத் தெரியாவிட்டால் நூலாசிரியரின் ஆசையை அறிவியல் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி உண்டு. ஈன்ற பசு நக்குவதால் கன்றின் ஈரம் உலர்கிறது, அதன் இரத்த ஓட்டம் தூண்டப்படுகிறது, கன்றின் மணம் தாய்க்குப் பதிகிறது. ஈன்றவுடன் பிரித்துப் பல மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தால் தாய் கன்றை அண்டவிடாமல் போகலாம் என்பது மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். இதைப் படித்ததும், “அப்போ பாசம்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் மணம்தான்” என்று முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதத் தாய்க்கும் பாசம் உடம்பின் வழியாகத்தான் வருகிறது. வழி தெரிந்துவிட்டதால் பொருள் இல்லாமல் போய்விடாது.

இந்த வகை நூல்களை வாசிக்க ஒரு நோட்டு போதும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தி ‘கண்டது’, இரண்டாவது ‘கருதியது’, மூன்றாவது ‘செய்யச் சொல்வது’. முதல் பத்தி மற்ற இரண்டையும் சேர்த்த அகலம் இருக்கட்டும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு பக்கம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பக் கூடாது, மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2006-இல் மாணவர்களை வைத்து நடந்த சோதனைகள் காட்டின. எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். பெரும்பாலும் முதல் பத்தி காலியாகவும் மூன்றாம் பத்தி நிறைந்தும் இருக்கும். அது வாசகரின் குறையாக இருக்கலாம், நூலின் குறையாகவும் இருக்கலாம். மறுபடி புரட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

விலங்கு மனம், நல்ல பழக்கவழக்கம், தன்னை வளர்த்துக்கொள்வது என்று மூன்று வகை நூல்களுக்கும் இந்த நோட்டு ஒத்துவரும். மூன்றையும் சேர்த்துப் பேசுவது புதிதும் அல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் பாடிய நூறு பாட்டுகள் கொண்டது. முடிவை ஒட்டி இப்படி ஒரு பாட்டு வருகிறது:

நந்தெறும்பு தூக்கணம்புள் காக்கை என்றிவைபோல்
தங்கருமம் நல்ல கடைப்பிடித்துத் தங்கருமம்
அப்பெற்றி யாக முயல்பவர்க்கு ஆசாரம்
எப்பெற்றி யானும் படும்.

எறும்பையும் தூக்கணாங்குருவியையும் காக்கையையும் போலத் தன் காரியத்தை விடாமல் பிடித்து முயல்கிறவனுக்கு ஒழுக்கம் எப்படியும் வந்து சேரும் என்கிறது பாட்டு. விலங்கும் வழக்கமும் வளர்ச்சியும் நாலு வரிக்குள் இருக்கின்றன. மூன்றாம் பத்திக்கு இது பொன்னான வரி. முதல் பத்தியில் என்ன எழுதலாம் என்று பார்ப்போம்.

எறும்பு ஓயாமல் உழைக்கும் என்பதைத் தனித்தனி எறும்பாகப் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பாறையிடுக்கில் வாழும் ஒரு சிற்றெறும்பு இனத்தில், ஒவ்வொன்றின் உடம்பிலும் வண்ணப்பொட்டு வைத்து அடையாளப்படுத்திப் பார்த்தபோது, கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி அதிக நேரம் சும்மா நின்றது. 2017-இல் வந்த தொடர்ச்சியில், சுறுசுறுப்பானவற்றை எடுத்துவிட்டால் சும்மா நின்றவை அந்த இடத்துக்கு வந்தன. சும்மா நின்றவற்றை எடுத்தபோது அந்த இடத்தை எதுவும் நிரப்பவில்லை. சும்மா நிற்பது அங்கே ஒரு சேமிப்பு. ‘எறும்பைப் போல் உழை’ என்று தொடங்கும் எந்த முன்னேற்ற நூலின் ஓரத்திலும் இதைக் குறித்து வைக்கலாம். நம் வீட்டுச் சுவரில் ஊர்வது வேறு இனம் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

தூக்கணாங்குருவிக்குப் பாட்டு முழுமையாகப் பொருந்துகிறது. சலீம் அலி 1930-களின் தொடக்கத்திலேயே இதன் கூடுகட்டும் முறையை ஊன்றிப் பார்த்து எழுதினார். கட்டுவது ஆண். நெல்லோலை, பனையோலை, தென்னையோலை ஆகியவற்றிலிருந்து நாராகக் கிழித்துக் கொண்டுவரும். முதலில் ஒரு வளையம், பிறகு தலைகீழாகக் கவிழ்த்த தொப்பி மாதிரி அரைக்கூடு. அந்த நிலைக்கு வர எட்டு நாள் ஆகும். அங்கே வேலை நிற்கும். பெண் வந்து உள்ளே உட்கார்ந்து, இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஆண் முட்டையறையையும் நீண்ட குழலையும் கட்டி முடிக்கும். பிடிக்காத அரைக்கூடுகள் அப்படியே தொங்கும். நாஞ்சில்நாட்டு வயல் ஓரத்துப் பனைகளில் ஒரே மரத்தில் முழுக்கூடும் அரைக்கூடும் கலந்து தொங்குவதற்கு இதுதான் காரணம். முழுக்கூட்டுக்கு மொத்தம் 18 நாள் வரை ஆகும், 500 நடை வரை பறக்க வேண்டிவரும். இது பிறவியிலேயே வந்த வேலையா, பழகி வந்ததா என்பது கருதியது பத்திக்கான கேள்வி. இதன் ஆப்பிரிக்க உறவினம் ஒன்றை போட்ஸ்வானாவில் படம்பிடித்துப் பார்த்தபோது, ஒரே பறவை ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு விதமாகக் கட்டியது. அனுபவம் ஏற ஏறக் கீழே தவறவிடும் புல் குறைந்தது. பழக்கத்துக்கு அங்கே இடம் இருக்கிறது.

காக்கையில்தான் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வள்ளுவரும் இங்கே இருக்கிறார். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’. கரவா என்றால் ஒளிக்காமல். கண்டது எது? சோற்றைக் கண்ட காக்கை கரைகிறது, மற்றவை வருகின்றன. கருதியது, அது இனத்தோடு பகிர்கிறது என்பது. செய்யச் சொல்வது, சுற்றம் தழுவி வாழ்.

முதல் பத்தியில் இன்னும் சில வரிகள் சேர வேண்டும். காக்கைக் குடும்பத்துப் பறவைகள் உணவை ஒளித்தும் வைக்கும். வீட்டுக் காக்கை இட்லித் துண்டை ஓட்டுக்கூரையின் இடுக்கில் செருகி மேலே ஓர் இலையை வைத்துவிட்டுப் போவதை முற்றத்தில் நின்றே காணலாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜே என்ற பறவையை வைத்துச் சோதித்தபோது, ஒளிக்கும்போது இன்னொரு பறவை பார்த்துக்கொண்டிருந்தால், பிறகு தனியாக வந்து இடத்தை மாற்றி ஒளித்தது. ஆனால் முன்பு பிறர் ஒளித்ததைத் தானே திருடியிருந்த பறவைகள் மட்டுமே இப்படிச் செய்தன. திருடிப் பார்க்காத பறவைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. முதல் பத்தியில் எழுதத் தகுந்த காட்சி என்றால் இது. ஒப்பீடு இருக்கிறது, எண்ணிப் பார்க்க முடிகிறது, வேறு விளக்கங்களின் கதவைச் சோதனையே ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கிறது.

கூவி அழைப்பதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் 1980-களில் பனிக்காலம் முழுக்க இறந்த விலங்குகளை இழுத்துப்போட்டு ரேவன் என்ற பெருங்காக்கையைக் கவனித்தார் பெர்ண்ட் ஹைன்ரிக். இணையோடு எல்லை பிடித்து வாழும் வயதான காக்கைகள் சத்தமில்லாமல் தின்றன. கூட்டமாகக் கூவி அழைத்தவை இடம் பிடிக்காத இளசுகள். தனியாகப் போனால் எல்லைக்கார இணை விரட்டிவிடும், பத்துப் பேராகப் போனால் முடியாது. அழைப்பில் அன்பு இருக்கலாம், ஆதாயம் கண்கூடாக இருக்கிறது. வள்ளுவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னது மனிதருக்கு, அதுவும் சுற்றந்தழால் அதிகாரத்தில். சுற்றத்தைச் சேர்த்துக்கொண்டவனுக்கு ஆக்கம் உண்டு என்றுதானே அவரும் சொல்கிறார்.

இங்கே மொழிபெயர்ப்பு நூல்களில் வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ரேவனை ‘அண்டங்காக்கை’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். அண்டங்காக்கை என்றால் நம் தென்னந்தோப்பில் கனத்த குரலில் கத்தும் முழுக்கறுப்புக் காக்கை. அது வேறு இனம். ரேவன் கார்வஸ் கோரக்ஸ், வீட்டுக் காக்கை கார்வஸ் ஸ்பிளென்டென்ஸ். நூலின் பின்பக்கத்திலோ அடிக்குறிப்பிலோ விலங்கியல் பெயர் இருக்கும், அதை நோட்டில் முதல் பத்தியின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். இனம் மாறினால் முடிவும் மாறலாம்.

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீயின் ஆட்டத்தைப் படித்துச் சொன்னதற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். இருட்டான கூட்டுக்குள், செங்குத்தாகத் தொங்கும் அடையின் மேல் தேனீ உடம்பை ஆட்டியபடி ஒரு கோட்டில் ஓடும். நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் திக்கு. செங்குத்துக்கு வலப்பக்கம் 40 பாகை சாய்ந்து ஓடினால், இரை சூரியனுக்கு வலப்பக்கம் 40 பாகையில். ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு தூரம். ஒரு நொடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் என்று நூல்களில் இருக்கும். அந்தக் கணக்கு ஐரோப்பியத் தேனீக்கு உரியது. நம் பெட்டியில் பாரம்பரியமாக இருப்பது ஏபிஸ் செரானா என்ற இந்தியத் தேனீ. தென்னிந்தியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், செரானா குறுகிய தூரத்துக்கே நீண்ட ஆட்டம் ஆடுகிறது என்று தெரிந்தது. அதன் இரைத்தூரமே குறுகியது. நூலில் உள்ள கணக்கை வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தால், பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்த தேனீயை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவோம். இன்னொன்று: ரப்பரில் தேனீ பூவுக்குப் போவது குறைவு. இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது, இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பியில் ஊறும் மதுவுக்குத்தான் போகிறது. ‘பூவைத் தேடி’ என்று நூல் சொல்லும் இடத்தில் நம் ஊரில் ‘தளிரைத் தேடி’ என்று எழுத வேண்டும்.

தேனீயிடம் நடந்துகொள்ளும் மரியாதையும் அதன் புலன் தெரிந்தால்தான் வரும். வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நில்லுங்கள். மழை மூட்டத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். வாழைப்பழம் தின்றுவிட்டு அந்தக் கையோடு போகாதீர்கள். கொட்டும்போது தேனீ வெளிவிடும் எச்சரிக்கை மணத்தின் முக்கியப் பொருள் ஐசோபென்டைல் அசிடேட், பழுத்த வாழைப்பழத்தின் வாசனையிலும் அதுவே இருக்கிறது. மட்டிப்பழம் விளையும் மாவட்டத்தில் இது தெரிந்திருப்பது நல்லது. கொட்டு வாங்கிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புகை காட்டி, தள்ளிப் போக வேண்டும். கையை வீசினால் மணம் பரவும், அடுத்ததும் வரும்.

ஒரு நூல் விலங்கின் அறிவைப் பற்றிப் பெரிதாகச் சொல்லும்போது, கேள்வி கேட்டவருக்கு விடை தெரிந்திருந்ததா என்று பாருங்கள். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. கூட்டல் கழித்தலுக்கு விடையைக் குளம்பால் தட்டும். 1904-இல் ஒரு குழுவே வந்து பார்த்துத் தந்திரம் ஏதும் இல்லை என்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்து 1907-இல் விளக்கினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அளவு நிமிர்ந்தது, குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. பூம்பூம் மாட்டுக்காரர் தெரிந்தே உறுமியில் காட்டும் சைகையை, அங்கே எல்லோரும் தெரியாமலே காட்டிக்கொண்டிருந்தார்கள். குதிரைக்குக் கணக்கு வராது என்பதோடு நூல்கள் நின்றுவிடுகின்றன. மனிதர்களே அறியாத மனித அசைவை ஒரு குதிரை வாசித்தது என்பதுதான் அதில் உள்ள பெரிய கண்டுபிடிப்பு.

நாய் ‘தப்புப் பண்ணின முகத்தோடு’ பார்க்கிறது என்பதும் இதில் சேரும். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துப் பார்த்தார். தின்னாதே என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு இல்லை. வளர்ப்பவர் திட்டியபோது அந்த முகம் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களுக்கும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கிழிந்த செருப்பைக் காட்டி நாயை அதட்டுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். அது பழைய செருப்புக்கு வருந்தவில்லை, இப்போதைய குரலுக்குப் பணிகிறது.

எத்தனை விலங்குகள் என்றும் கேளுங்கள். யானை கண்ணாடியில் தன்னை அடையாளம் காண்கிறது என்று படித்தால், அது 2006-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிசாலையில் நடந்தது, சோதித்த யானைகள் 3, நெற்றிக் குறியைத் தும்பிக்கையால் தொட்டது 1 என்பதை நோட்டில் எழுதுங்கள். ஒன்று செய்தாலே ‘யானையால் முடியும்’ என்பதற்குச் சான்று. ‘யானைகள் எல்லாம் செய்யும்’ என்பதற்கு அது போதாது.

தொல்காப்பியத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அது அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் சொல்கிறது. விளவங்கோடு பக்கத்து அதங்கோட்டை அவருடைய ஊர் என்று இங்கே போற்றுகிறார்கள். மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவு என்று தொடங்கி, நண்டும் தும்பியும் நான்கறிவு, மாவும் மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு என்று ஏறும் அடுக்கு பள்ளியில் மனப்பாடம். அதே இடத்தில் ‘ஒருசார் விலங்கும் உளவென மொழிப’ என்று ஒரு நூற்பா நிற்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில விலங்குகளுக்கும் ஆறாவது அறிவு, அதாவது மனம், உண்டு என்பது அதன் பொருள். இளம்பூரணர் உரையில் எடுத்துக்காட்டுவது கிளி, குரங்கு, யானை. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இன்று திரும்பத் திரும்பத் தேடிப்போகும் விலங்குகளில் இந்த மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. ‘விலங்குக்கு ஐந்தறிவு’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் அடுத்த நூற்பாவையும் படிக்கட்டும்.

இனி பழக்கவழக்கம். நல்ல நடத்தை பற்றிய நூல்களில் மூன்றாம் பத்தி மட்டும்தான் இருக்கும்: இப்படி உட்கார், இப்படிப் பேசு. ஏன் என்பதை நாம்தான் தேட வேண்டும். ஒரு முகக்குறி எல்லோருக்கும் ஒரே பொருள் தராது என்பதற்கு நம் மலையோரத்து நாட்டுக்குரங்கே சாட்சி. பல்லைக் காட்டிச் சிரிப்பது நமக்கு அன்பு. சத்தமில்லாமல் உதட்டை விரித்துப் பல் காட்டுவது அந்தக் குரங்குக்குப் பணிவும் பயமும். வாய் திறந்து கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் மிரட்டல். சுற்றுலா வந்த பிள்ளை குரங்கைப் பார்த்து உற்றுச் சிரித்தால், குரங்கு வாசிப்பது வேறு செய்தி. பார்வையைத் தாழ்த்தி, பையை முன்னால் அணைத்து, தின்பண்டப் பொட்டலத்தை உள்ளே வைத்து, ஓடாமல் நடந்து விலகுவதுதான் அங்கே மரியாதை.

மனிதர் மரியாதையைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று தமிழில் வேர்விட்டது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-இலும் திருத்தமாக 1987-இலும் வெளியிட்ட பணிவுக் கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோவைப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ். மற்றவை ஆங்கிலமும், மெக்சிகோவின் செல்தால் மொழியும். ஒவ்வொருவருக்கும் ஒரு ‘முகம்’ உண்டு, அதற்கு இரண்டு தேவை: பிறர் நம்மை மதிக்க வேண்டும், பிறர் நம்மை நெருக்கக் கூடாது என்பது அவர்கள் சொன்னது. தமிழருக்கு இது சட்டென்று விளங்கும். முகங்கொடுத்துப் பேசு என்பது முதல் தேவை. முகம் கோணாமல் கேள் என்பதில் இரண்டாவதும் இருக்கிறது.

நாகர்கோவில் வட்டாரத்தில் முன்னிலைக்கு மூன்று படி இருக்கிறது: நீ, நீரு, நீங்க. “எங்க வே போறீரு?” என்பதில் சம வயதுத் தோழமையும் மதிப்பும் சேர்ந்து நிற்கின்றன. ஆங்கில நாகரிக நூலைத் தமிழாக்கும்போது ‘தயவுசெய்து’ என்று ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் முன்னால் போட்டால் அறிவிப்புப் பலகையின் குரல் வந்துவிடுகிறது. இங்கே அந்த வேலையைக் ‘கொஞ்சம்’ செய்கிறது. “அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கோ.” நன்றி என்ற சொல்லும் அப்படித்தான். வீட்டுக்குள் அக்காவிடம் நன்றி சொன்னால் அவள் முகம் சுருங்கும், அந்நியமாக்கிவிட்டாய் என்று. நெருக்கம் கூடக் கூட முறைமை குறையும். 2021-இல் போனோபோ என்ற வாலில்லாக் குரங்குகளிடமும் இதைக் கண்டார்கள். சேர்ந்து விளையாடத் தொடங்கும் முன்பும் பிரியும் முன்பும் அவை பார்வையும் சைகையும் பரிமாறிக்கொண்டன. பிரியும்போது 92 சதவீதம், தொடங்கும்போது 90 சதவீதம். நெருங்கிய இணைகளுக்கிடையே அந்தச் சடங்கு சுருக்கமாக முடிந்தது. நாம் “போறேன்” என்று சொல்லாமல் “போயிட்டு வாறேன்” என்று வாசலில் நின்று சொல்வதற்கு ஒரு பழைய சொந்தம் இருக்கிறது.

நடத்தை நூல்களில் எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய இடமும் உண்டு. ஆசாரக்கோவையில் விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளை இவர்களுக்குக் கொடுத்த பிறகே உண்பார்கள் ஒழுக்கம் பிழையாதவர் என்ற அருமையான பாட்டு இருக்கிறது. பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கும் பாட்டுகளும் அதிலேயே இருக்கின்றன. ‘ஆசாரம்’ என்ற சொல் என்ன செய்யும் என்று குமரி மாவட்டம் உடம்பால் அறிந்திருக்கிறது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடுவது மரியாதைக் குறைவு என்று வைத்திருந்தார்கள். நாடார் பெண்கள் பல்லாண்டு போராடிய பிறகு, 1859-இல் அரசாணை அவர்கள் மார்பை மறைக்க அனுமதித்தது, அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பதியில் ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டி வணங்குவது அந்தக் காலத்து ஆசாரத்துக்குச் சொன்ன மறுப்பு. எனவே ஒரு நடத்தை விதியைப் படித்ததும், இந்த விதியால் யாருடைய முகம் காக்கப்படுகிறது, யார் தலை குனிய வேண்டியிருக்கிறது என்று இரண்டாம் பத்தியில் எழுத வேண்டும். இதற்கு விதிவிலக்கு வைக்கக் கூடாது.

வளர்ச்சி நூல்களுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் எண்ணைப் பிடித்து அது எங்கே பிறந்தது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ‘21 நாளில் பழக்கம் வரும்’ என்பது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார் அவர். ‘குறைந்தது’ வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பார்த்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் வரும் நிலையை எட்டச் சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சிக்கு நாள் கூடுதலாக ஆனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. வாசிப்பைப் பழக்கமாக்க நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியை எழுதி ஒட்டிக்கொள்ளலாம். இருபத்தோராம் நாள் ஒட்டவில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டவர்கள் ஏராளம்.

ஏற்கனவே உள்ள ஒரு வேலையின் வாலில் வாசிப்பைக் கட்டுங்கள். சாயங்காலக் கட்டஞ்சாயா முடிந்ததும் 15 பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் அரை மணி. 250 பக்க நூல் பதினேழு நாளில் முடியும். வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்குத் தினமும் பேருந்தில் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் 15 பக்கம் தாராளமாக நடக்கும், நோட்டை வீட்டில் வந்து எழுதலாம். ஒரே சமயத்தில் இரண்டு நூல் வைத்துக்கொள்வதானால், ஒன்று விலங்கு பற்றியும் இன்னொன்று மனிதர் பற்றியும் இருக்கட்டும். இரண்டும் விலங்கானால் இனங்கள் குழம்பும், இரண்டும் முன்னேற்ற நூலானால் மூன்றாம் பத்தி மட்டும் வீங்கும். வாரத்துக்கு ஒரு செயலுக்கு மேல் அங்கிருந்து எடுத்துச் செய்யக் கூடாது. ஏழெட்டைச் சேர்த்துத் தொடங்கினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாமல் போகும், பலன் வராவிட்டாலும் காரணம் தெரியாது.

நூலின் பயிற்சிக்களம் வீட்டுப் பக்கத்திலேயே கிடக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வெயில் ஏறுமுன் குளக்கரையில் போய் நில்லுங்கள். சத்தம் போடாமல், வெளிர் நிறச் சட்டையைத் தவிர்த்து, ஒரே ஒரு பறவையைத் தேர்ந்துகொண்டு இருபது நிமிடம். மஞ்சள்மூக்கு நாரை கிடைத்தால் நல்லது, அது மெதுவாக நடக்கும், எழுத நேரம் தரும். அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டிருக்கும். தலையை இடமும் வலமும் வீசும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். மீன் அலகில் பட்டதும் மூடும், கண்ணால் பார்த்துப் பிடிப்பது குறைவு, தொடுகைதான். ஐந்து நிமிடத்துக்கு எத்தனை முறை அலகு மூடியது, அதில் எத்தனை முறை தலையை அண்ணாந்து விழுங்கியது என்று முதல் பத்தியில் கோடு போட்டு எண்ணுங்கள். ‘பொறுமையாகத் தேடுகிறது’ என்று எழுதக் கை போகும். எழுதலாம், இரண்டாம் பத்தியில்.